கடத்திய பஸ்ஸும் ஆறு ஒப்பங்களும்

களவு செய்வதற்கும் கொஞ்சம் தகுதி வேண்டும். எனக்கு அது இல்லை என்பது எழுபதுகளின் கடைசியில், ஆறு பேர் ஒப்பத்துடன் நிரூபிக்கப்பட்டது.

அப்போது நான் அரசாங்க பஸ் டிப்போவில் தற்காலிகக் கொண்டக்டர். நெளுக்குளத்தில் ஒரு பெண்ணின் தகப்பன், வேலை நிரந்தரமானால்தான் கல்யாணம் என்று சொல்லியிருந்தார். (மனுசன் கதைத்தால் கதைத்ததுதான்.) நிரந்தரமாக்கும் வல்லமை ஆளுங்கட்சித் தொழிற்சங்கத்திடம் இருந்தது. ஆட்களை வெருட்டுகிறார்கள், டிப்போ பஸ்களைக் கட்சி வேலைக்கு இழுத்துப் போகிறார்கள் என்று அதன்மேல் முறைப்பாடுகள் குவிந்து கிடந்தன. ஓடிப்போய்ச் சேர்ந்தேன்.

ஒருநாள் சங்கச் செயலாளர் தர்மலிங்கம் அண்ணை கூப்பிட்டார். ஒட்டுசுட்டானில் கட்சிக் கூட்டம், சனம் ஏற்ற பஸ் வேண்டும், மனேஜர் மறுத்துவிட்டார்.

“மனேஜரை விடு. நீ ஏறு. திரும்பி வந்தால் நீ நிரந்தரம்.”

டிப்போப் படலையைச் சங்கத்துக்காரரே திறந்தார்கள்; பஸ்ஸை ஓட்டியதும் சங்கத்து ட்ரைவர்தான். யாரும் கேட்டால் பஸ் பழுதாகி உள்ளே நின்றது என்று சொல்வதாக ஏற்பாடு. நானும் தலையாட்டினேன். ஆனால் கொண்டக்டரின் கைக்கு அரசியல் தெரியாது. பஸ் வந்த நேரத்தைத் தாளில் எழுதி, தரிப்பிடத்து ரைம்கீப்பரிடம் ஒப்பம் வாங்காமல் அப்பால் போய் எனக்குப் பழக்கமில்லை. புளியங்குளத்தில் இறங்கினேன், வாங்கினேன். நெடுங்கேணியில் இறங்கினேன், வாங்கினேன். இப்படி ஐந்து. ‘பயண நோக்கம்’ என்ற இடத்தில் முத்து முத்தாக எழுதினேன்: கட்சிக் கூட்டம், சங்கத்தின் கட்டளைப்படி.

ஒட்டுசுட்டானில் ரைம்கீப்பரைக் காணவில்லை. அவரும் கூட்டத்துக்குப் போய்விட்டார். ஒப்பமில்லாத தாளோடு திரும்புவதா? நேரே மேடையில் ஏறி, கட்சி அமைப்பாளரிடம் தாளை நீட்டினேன். நாளுக்கு நூறு வேலை மனுவில் ஒப்பம் வைக்கிற கை அது. வாசிக்காமலே வைத்தது.

மனேஜர் முறைப்பாடு செய்ய, விசாரணை வந்தது. பஸ் அசையவேயில்லை என்றார் தர்மலிங்கம் அண்ணை. அந்தச் சங்கத்துக்கும் கட்சிக்கும் ஒரு தொடர்புமில்லை என்று அமைப்பாளர் நெஞ்சில் கைவைத்துச் சொன்னார். விசாரணை அதிகாரி மேசை லாச்சியிலிருந்து என் தாளை எடுத்தார். கூட்டத்தன்று மாலையே வழக்கம்போல அதை டிப்போ அலுவலகத்தில் ஒப்படைத்திருந்தேன்.

“இது ஆற்றை ஒப்பம் ஐயா?”

அமைப்பாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, திரும்பப் போட்டுப் பார்த்தார்.

“என்ரை மாதிரித்தான் கிடக்கு.”

வெளியே வந்ததும் தர்மலிங்கம் அண்ணை என் தோளைப் பிடித்தார். அடிப்பார் என்று கண்ணை மூடினேன். அவர் அழுகிற குரலில் கேட்டார்: “களவெடுத்த சாமானுக்கு ஆராவது பில் துண்டு வாங்குவினமோடா?”

ஆளுங்கட்சி அமைப்பாளரின் ஒப்பமே இருந்ததால் விசாரணை மெல்லப் படுத்துவிட்டது. தண்டனை எனக்கு மட்டும்தான்: ஒழுங்கை மீறியதற்காகச் சங்கத்திலிருந்து நீக்கினார்கள். (அந்தச் சங்கம்! ஒழுங்கு!) நிரந்தரம் இரண்டு வருடம் பிந்தியது, கல்யாணமும் பிந்தியது. நெளுக்குளத்துப் பெண் காத்திருந்தா.

போன கிழமை, டொக்டர் தடுத்த தொதல் இனிப்பை ரவுண் கடையில் ஒளித்துத் தின்றுவிட்டு, வாயை மூன்று தரம் கழுவிக்கொண்டு வீடு வந்தேன். என் சட்டைப் பையைத் துழாவிய மனுசி கடை பில் துண்டை வெளியே எடுத்து, பிள்ளைகளுக்குத் தூக்கிக் காட்டினா.

“கொப்பர் களவெடுத்தாலும் ஒப்பத்தோடைதான் வருவார்.”