பனிமலையில் காயப்போட்ட மெத்தை

வெயிலில் பிறந்து வளர்ந்தவனுக்குக் குளிரைப் பற்றி யார் என்ன சொன்னாலும் ஏறாது. நான் சிவகாசிக்காரன். மார்கழி விடியற்காலையில் மின்விசிறியை ஒரு புள்ளி குறைத்து வைத்தால் அதுதான் எங்களுக்குக் குளிர்காலம். (அதற்கே குரங்குக் குல்லா போடுகிற ஆட்கள் உண்டு. நானும் போட்டிருக்கிறேன்.) இப்படிப்பட்டவன் பனிமலையில் படுக்க ஸ்லீப்பிங் பேக் தேர்ந்தெடுக்கக் கிளம்பினால் விளங்குமா?

கல்யாணமான புதிது. என் மனைவி மகேஸ்வரிக்கு ஒரே ஒரு ஆசை. பனிமலை உச்சியில் நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து நிற்க வேண்டும். அங்கே ஒரு போட்டோ எடுத்து, பெரிதாக்கி, வீட்டுக் கூடத்தில் மாட்ட வேண்டும். பெண் பார்க்கப் போன அன்றைக்கே சொல்லிவிட்டாள். (அன்றைக்கு நிலாவைக் கேட்டிருந்தாலும் தலையாட்டியிருப்பேன்.) தீபாவளி முடிந்தால் எங்களுக்கு சீசன் முடிந்தது, கம்பெனி மறுபடி திறக்க நாளாகும். அந்த நேரம் பார்த்து உத்தராகண்டில் ஒரு மலையேற்றத்துக்கு இருவருக்கும் சேர்த்துப் பதிவு செய்தாள்.

தனக்கான ஸ்லீப்பிங் பேக்கை அவள் தேர்ந்தெடுத்ததைப் பார்த்திருக்க வேண்டும். மாப்பிள்ளை பார்க்கும்போதுகூட இவ்வளவு விசாரித்திருக்க மாட்டாள். எத்தனை டிகிரி குளிர் வரை தாங்கும், எடை என்ன, தலையை மூடுமா, அமுக்கினால் எவ்வளவு சிறிதாகும் என்று எல்லாம் பார்த்து, வாத்து இறகு அடைத்த ஒன்றை வரவழைத்தாள். ஒரு கிலோ சொச்சம்தான் எடை. சுருட்டி அமுக்கினால் குக்கருக்குள் வைத்து மூடிவிடலாம். பார்சலைப் பிரித்து நான்தான் கையை உள்ளே விட்டேன். சடசடவென்று சத்தம் வந்தது. கையிலிருந்த முடியெல்லாம் நட்டுக்கொண்டது.

இங்கே என் உத்தியோகத்தைச் சொல்லியாக வேண்டும். நாரணாபுரத்தில் ஒரு பட்டாசுக் கம்பெனியில் நான் போர்மேன். நைலான் துணி உரசினால் பொறி கிளம்பும், பொறி பட்டால் வெடிமருந்து பற்றும். அதனால் தினமும் காலையில் வாசலில் நின்று, யார் என்ன துணி உடுத்தி வருகிறார்கள் என்று பார்ப்பது என் வேலை. பருத்தி என்றால் உள்ளே, நைலான் என்றால் வெளியே. அறைக்குள் நுழையுமுன் ஒவ்வொருவரும் செம்புத் தகட்டைத் தொட்டு, உடம்பில் இருக்கிற மின்சாரத்தை இறக்கிவிட்டுத்தான் போக வேண்டும். இப்படியே பழகிப் பழகி, நைலானைக் கண்டாலே பாம்பைக் கண்டவன் மாதிரி துள்ளுவேன்.

"இதுக்குள்ளயா படுக்கப் போற?" என்றேன்.

"ஆமா, ஏங்க?"

"முழுக்க நைலான். சடசடங்குது பாரு."

"அங்கன என்ன மருந்தா கொட்டிக் கெடக்கு? வெறும் பனிதானங்க. பருத்திதான் ஆகவே ஆகாதுன்னு போட்டிருக்கு. ஈரத்தக் குடிச்சிட்டா அங்க காயாதாம்."

"பருத்தியப் பத்தி எனக்கே பாடமா? நான் போர்மேன்!"

நேராக டவுனில் மெத்தைக்கடை வைத்திருக்கும் பாயிடம் போனேன். ஆள் நீளத்துக்குப் பருத்தித் துணியில் உறை, உள்ளே சுத்தமான பருத்திப் பஞ்சு. ஜிப் வேண்டாம், இழுத்துக் கட்ட நாடா போதும் என்றேன். (ஜிப்பும் உரசுமே!)

"எம்புட்டுக் குளிரும் தம்பி அங்கன?" என்று கேட்டார் பாய்.

"மைனஸ் அஞ்சு, ஆறு இருக்கும் பாய்."

பாய் மைனஸைக் கண்டாரா, நான்தான் கண்டேனா? சற்று யோசித்தார். "அப்ப ரெண்டு கிலோ கூட அடச்சிருவோம்" என்றார். எவ்வளவு பெரிய நிபுணர் என்று நான் வியந்துபோனேன்.

மொட்டைமாடியில் பட்டப்பகலில் சோதனை நடந்தது. உள்ளே புகுந்து நாடாவைக் கட்டிய கொஞ்ச நேரத்தில் வேர்த்து வடிந்து, மூச்சு முட்டிக் கத்தினேன். மகேஸ்வரி வந்து அவிழ்த்துவிட்டாள். "பாத்தியா, என்னா சூடு!" என்றேன் பெருமையாக. அவள் வானத்தில் இருந்த சூரியனைக் காட்டினாள். நான் கண்டுகொள்ளவில்லை.

அதைச் சுருட்ட எங்கள் கம்பெனியில் லாரிக்கு லோடு கட்டுகிற ஆட்கள் இரண்டு பேர் வந்தார்கள். மேலே ஏறி நின்று மிதித்துக் கட்டியும் அது கன்றுக்குட்டி அளவுக்குக் கீழே இறங்கவில்லை. "அண்ணே, இது படுக்கையா, பஞ்சுக் குடோனா?" என்று கேட்டான் ஒருவன். ரயிலில் ஆள் மாற்றி ஆள் அதன்மேல் உட்கார்ந்து வந்தார்கள்.

மலையடிவாரத்தில் எங்கள் வழிகாட்டி பூரண் அதைத் தூக்கிப் பார்த்துவிட்டு மகேஸ்வரியிடம் இந்தியில் ஏதோ கேட்டான். "உள்ள ஆள் யாரும் இருக்காகளான்னு கேக்காரு" என்று அவள் பல்லைக் கடித்துக்கொண்டு மொழிபெயர்த்தாள். எல்லோர் படுக்கையும் அவரவர் முதுகுப் பையில் போக, என்னுடையதற்கு மட்டும் தனியாக ஒரு கோவேறு கழுதை வைக்க வேண்டியதாயிற்று. முதல் முகாமில் அவளுடைய பேக்கின் ஜிப்பிலிருந்து ஒரு செம்புக் கம்பியை இழுத்துத் தரையில் அடித்த ஆணியில் கட்டினேன். ஊரிலிருந்தே கம்பி கொண்டுபோயிருந்தேன். மற்ற மலையேறிகள் கூடி நின்று பார்த்தார்கள். மகேஸ்வரி யாரோ எவரோ என்று தள்ளிப்போய் நின்றுகொண்டாள்.

ஆனால் அன்று நன்றாகத் தூங்கினேன். "எப்படி?" என்று மீசையை முறுக்கினேன். விதி சிரித்திருக்கும்.

உச்சிக்குக் கீழே கடைசி முகாம். மத்தியானம் போய்ச் சேர்ந்து மெத்தையைப் பிரித்தால் உள்ளே நசநசவென்று ஈரம். மூச்சும் வியர்வையும் சேர்ந்து பஞ்சில் இறங்கியிருந்தது. ஈரமான மெத்தையை எங்கள் ஊரில் என்ன செய்வோம்? வெயிலில் காயப்போடுவோம். வெயிலும் பளிச்சென்று அடித்தது. கம்பெனியில் பட்டாசைக் காயவைக்க மேடையில் பரப்புகிற அதே நேர்த்தியுடன் ஒரு பாறைமேல் விரித்துவிட்டுச் சமையல் கூடாரத்துக்கு டீ குடிக்கப் போனேன். அங்கே சமையல்காரருக்குச் சைகையிலேயே பருத்தியின் பெருமையை எடுத்துச் சொல்லிக்கொண்டிருந்தபோது, வெளியே சத்தமே இல்லாமல் பனி கொட்டியிருக்கிறது.

ஓடி வந்து பார்த்தேன். மெத்தையைக் காணவில்லை, பாறைமேல் வெள்ளையாக ஒரு மேடுதான் இருந்தது. தட்டித் தட்டி எடுத்தேன். குடிக்க வேண்டியதைப் பஞ்சு குடித்து முடித்திருந்தது. சாயங்காலம் அது விறைத்துக் கதவுப் பலகையாகிவிட்டது. பூரண் அதை நிமிர்த்தி வைத்தான். யாரும் பிடிக்காமல் தானாகவே நின்றது! எல்லோரும் அதன் பக்கத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டார்கள்.

"இதுக்குள்ள வந்துருங்க" என்று பாவம் பார்த்துத் தன் பேக்கைத் திறந்தாள் மகேஸ்வரி. ஒற்றை ஆளுக்கு அளவெடுத்துத் தைத்த பை அது. என் ஒரு கால்தான் உள்ளே போனது. இருக்கிற துணியையெல்லாம் மாட்டிக்கொண்டு, சமையல்காரரின் சாக்குகளுக்குள் சுருண்டு பொழுதைக் கழித்தேன்.

விடிவதற்கு முன்பே வந்த பூரண் நான் நடுங்கிய நடுக்கத்தைப் பார்த்துவிட்டு, நான் மேலே ஏறக் கூடாது என்று தீர்மானமாகச் சொல்லிவிட்டான். மகேஸ்வரியின் கண் கலங்கிவிட்டது. எனக்கு அப்போதுதான் நிஜமாகவே குளிர்ந்தது.

"நீ போயிட்டு வா தாயி" என்றேன்.

"நீங்க இல்லாம நான் மட்டும் என்னத்தப் போறது?"

"எனக்காக நிக்காத. போ."

"சரி, வாரேன்" என்றவள் அடுத்த நிமிடம் அங்கே இல்லை. (இன்னும் ஒரு தடவை மறுத்திருக்கலாம்!) முகாமில் திரிந்த ஒரு மலைநாய் வாலை ஆட்டிக்கொண்டு அவள் பின்னாலேயே ஏறிப் போனது.

அந்தப் போட்டோ இப்போது எங்கள் கூடத்தில் பெரிதாகத் தொங்குகிறது. பின்னால் பனிச்சிகரங்கள், நடுவில் மகேஸ்வரி. அப்படி ஒரு சிரிப்பு. பல வருஷமாகிவிட்டது, அந்தச் சிரிப்பைப் பக்கத்தில் நின்று பார்க்கவில்லையே என்று இன்றைக்கும் எனக்கு ஆதங்கம்தான். நான் நிற்க வேண்டிய இடத்தில் அந்த நாய், நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, ரொம்ப உரிமையோடு உட்கார்ந்திருக்கிறது.

போன மாதம் சாத்தூரிலிருந்து அவளுடைய பெரியம்மா வந்திருந்தார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு போட்டோவை வெகுநேரம் பார்த்தார்.

"நாயெல்லாம் கூட்டிட்டுப் போயிருக்கீக. மாப்பிள்ளையக் காணோமே, எங்க?"

மகேஸ்வரி வாயைத் திறக்குமுன், எங்கள் ஆறு வயது மகன் முந்திக்கொண்டான்.

"அப்பா கீழ மெத்த காயப்போடுறாக பெரியாத்தா!"