கண்ணாயிரமும் மூன்றாவது சேவலும்

உப்புக் குவியலுக்குள்ளிருந்து ஆதிமூலத்தின் சேவலை உருவி எடுத்தபோது, ரிட்டயர்டு ஏட்டு கண்ணாயிரத்துக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. முகத்தைக் கடுமையாக வைத்துக்கொள்ளப் படாதபாடு பட்டார்.

"இது கொலை, ஆதிமூலம். எண்பது வருஷத்துக்கு முன்னாடி இந்த உப்பளத்துலதான் ஒரு சேவகனைக் கொன்னு இப்படியே பொதைச்சாங்க. நேத்து டீக்கடையில சொன்னேன்ல? எவனோ கேட்டுட்டு அப்படியே செஞ்சிருக்கான்."

"செஞ்சிட்டான் ஏட்டையா" என்றான் ஆதிமூலம். சேவலைப் பறிகொடுத்தவனுக்கு இருக்கவேண்டிய துக்கம் அவனிடம் இல்லை. 'அதிர்ச்சி' என்று கண்ணாயிரம் நோட்டில் குறித்துக்கொண்டார்.

முப்பத்திரண்டு வருஷம் பாராவும் பந்தோபஸ்தும் பார்த்தே தலை நரைத்த மனுஷர். ஒரு கேஸையாவது தானே துப்புத் துலக்கவேண்டும் என்ற ஆசை நிறைவேறாமலே, 2005 கடைசியில் மாலை போட்டு வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். சும்மா இருக்க முடியவில்லை. விசிலோடு தெருக்குழாயடியில் போய் நின்றார். யார் குடம் முன்னே, யார் குடம் பின்னே, இங்கே துணி அலசியது யார் என்று மூன்று மாதம் விசாரணை நடந்தது. தெருவே தவித்துப் போனது. இப்போதுதான் கேஸ் கிடைத்துக் குழாயடியை மறந்திருந்தார்.

பிரேதப் பரிசோதனை அவர் மனைவி அருக்காணியின் அடுப்படியில் நடந்தது. குழம்பு தெரு முழுக்கப் போனது.

மாலையில் டீக்கடைக்குப் போய் எல்லோரையும் எச்சரித்தார்.

"அடுத்தது பெருமுக்கல் ஊர்ல நடந்த பழைய கொலை மாதிரிதான் இருக்கும். ஒருத்தனைக் கொன்னு கோணியில கட்டிப் புளியமரத்துல தொங்கவிட்டாங்க. ஜாக்கிரதையா இருங்க."

மறுநாள் அதே தெருக் கலியமூர்த்தியின் சேவல் கோணியோடு புளியமரத்தில் தொங்கியது.

வாயைத் திறந்ததுதான் தப்பு என்று கண்ணாயிரத்துக்கு அப்போது உறைத்தது. மூன்றாவது கதையை அருக்காணியிடம் மட்டும் சொன்னார்.

"பிரம்மதேசம் மிராசுதாரைக் கொன்னு, நாற்காலியில உக்கார வச்சு, வாயில வெத்தலையத் திணிச்சிட்டுப் போயிட்டானுங்க. இது உனக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும். வெளிய மூச்சு விடாதே."

"நான் யார்கிட்டங்க சொல்லப்போறேன்?" என்று அருக்காணி மிளகாய் அரைத்தாள்.

விடிந்ததும் டீக்கடை நாற்காலியில் கொளஞ்சியின் சேவல் உட்கார்ந்திருந்தது. அலகில் வெற்றிலை.

"நம்ம சுவரோரம் நின்னு ஒட்டுக் கேட்டிருக்கான்" என்று கண்ணாயிரம் முடிவுகட்டினார். டேப்பால் சுவரை மூன்று தடவை அளந்தார். ஒரு கால்தடம்கூட அகப்படவில்லை. மத்தியானம் குழம்பும் சோறுமாகச் சாப்பிட்டு எழுந்தவர் கையைத் துடைத்துக்கொண்டார்.

"எனக்குத் தெரிஞ்ச பழைய கொலை மூணுதான், அருக்காணி. இனிமே காப்பியடிக்க அவனுக்கு ஒண்ணும் இல்ல. கேஸ் அவ்ளோதான். நாளைக்குக் காலையில குழாயடிக்கே போறேன். அந்த விசிலை எங்க வச்ச?"

அருக்காணியின் கையில் கரண்டி அப்படியே நின்றது. கிண்ணத்தோடு குழம்பு வாங்க வந்திருந்த பக்கத்து வீட்டு சகாயமேரிக்கு முகம் வெளிறிவிட்டது.

அவர் விசிலைத் தேடி உள்ளே போனதும், சகாயமேரி அருக்காணியின் காதோரம் குனிந்தாள்.

"அக்கா, நாளைக்கு எங்க வீட்டு மொறை. சேவலைக் கூடையில கவுத்து வச்சிருக்கேன். அவருகிட்ட இன்னொரு பழைய கொலைய மட்டும் எப்படியாவது கேட்டு வாங்கிடுங்க."