கிடாவுக்குக் காவல் வைத்த கதை

அன்று நடந்தவை, வரிசைப்படி:

1. பொள்ளாச்சிப் பக்கம் கோபாலபுரத்தில் என் பெரியப்பாவின் தென்னந்தோப்பில், காலை ஒன்பது மணிக்குக் கிடா வெட்டு. அழைப்பு எண்பது பேருக்கு.
2. ஒன்பது பத்துக்கு, கிடாவுக்கும் கத்திக்கும் நடுவில் ஐம்பத்தெட்டு கிலோ எடையுள்ள ஒரு நாய் வந்து படுத்தது.
3. பூசாரி சாமியிடம் உத்தரவு கேட்டார். உத்தரவு வந்தது, வேறு மிருகத்திடமிருந்து.
4. எண்பது பேரும் தக்காளிச் சோறு சாப்பிட்டுவிட்டுப் போனார்கள்.
5. எல்லாவற்றுக்கும் காரணம் நான். என் திட்டத்தில் ஒரு படியைக்கூட நான் தவறவிட்டிருக்கவில்லை.

கஞ்சிக்கோட்டில் ஒரு தொழிற்சாலையில் அளவுக் கருவிகளைச் சரிபார்ப்பது என் வேலை. எதையும் எழுதி, எண் போட்டு, டிக் அடித்தால்தான் எனக்குத் தூக்கம் வரும். (பல் தேய்ப்பதற்கும் பட்டியல் உண்டா சுகன்யா என்று அம்மா கேட்பாள். பள்ளிக்கூட நாட்களில் இருந்தது.) மீதி நேரத்தில், கைவிடப்பட்ட பெரிய நாய்களுக்கு வீடு தேடிக் கொடுக்கும் ஏழு பேர் குழு ஒன்றில் இருக்கிறேன்.

அப்படி வந்தவன்தான் குட்டன். கங்கால் என்ற துருக்கி இனம். அந்த ஊரில் ஓநாயிடமிருந்து ஆட்டு மந்தையைக் காக்கிற நாய். மலையில் பள்ளிவாசல் என்ற ஊருக்கு மேலே ஒரு தங்கும் விடுதியில், விருந்தினர்கள் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொள்வதற்காகக் குட்டியில் வாங்கியிருக்கிறார்கள். இரண்டே வருடத்தில் கன்றுக்குட்டி அளவுக்கு வளர்ந்து, விருந்தினர்களை வாசலிலேயே மறிக்க ஆரம்பித்தான். பிறகு விடுதியையே மூடிவிட்டார்கள். ஜீப்பில் ஏற்றும்போது அங்கே சமையல் பார்த்த அக்கா அவன் தலையைத் தடவியபடி சொன்னார்: "எம்மா, இது கெட்ட நாயி இல்லம்மா. இதுக்குச் செய்ய வேலை இல்ல. அதான் இந்தப் பாடு."

இதை நான் குறித்துக்கொள்ளவில்லை. என்னிடமிருந்த முப்பத்தொரு கேள்விப் படிவத்தில் அதற்கு இடம் இல்லை.

குட்டனைக் கேட்டு இரண்டு பேர் வந்தார்கள். முதலாமவர் மாரப்பன் அண்ணன். அறுப்பு முடிந்த வயல்களில் கிடை போடுகிறவர். அதாவது, வயலுக்கு எருவாகட்டும் என்று நூற்றைம்பது ஆடுகளை இன்று ஒரு வயலில், நாளை ஒரு வயலில் அடைத்துப் படுக்க வைப்பவர். போன வருடம் தெருநாய்க் கூட்டம் புகுந்து அவருடைய குட்டிகளைக் குதறியிருந்தது. நான் படிவத்தை எடுத்துக்கொண்டு அவர் முன்னால் உட்கார்ந்தேன்.

"மதில் எவ்வளவு உயரம் அண்ணா?"

"மதிலே இல்லீங்க அம்மிணி. மூங்கில் படலுதானுங்க."

"சரி, வீடு?"

"ஊடு தாராபுரத்துப் பக்கம் கெடக்குதுங்க. வருசத்துல ரெண்டு மாசம் போவனுங்க."

"மத்த பத்து மாசம் நிரந்தர முகவரி?"

"ஆடு எங்க படுக்குதோ அங்கதானுங்க."

'நிலையான முகவரி இல்லை. தகுதி இல்லை' என்று எழுதி, கீழே கோடும் போட்டேன். ஸ்கேல் வைத்து.

இரண்டாமவர் என் பெரியப்பா. ஏழடி மதில், இரும்புக் கேட், நாலு கேமரா, கிணறு, நிழல். மதிப்பெண் முப்பத்தொன்றுக்கு இருபத்தொன்பதரை. நாய் பிடிக்குமா என்ற கேள்விக்கு, "புடிக்காதுதான் கண்ணு. நீ கேட்டயேன்னு வெச்சுக்கறேன்" என்றார். உண்மை சொன்னதற்காக அரை மதிப்பெண் கொடுத்தேன்.

முதல் வாரம் குட்டன் கேட்டருகே படுத்து, வெறும் தோப்பைப் பார்த்துக்கொண்டிருந்தான். பாதிச் சாப்பாட்டை வைத்துவிடுவான். எட்டாம் நாள் பெரியம்மா ஒரு கிடா வாங்கி வந்து கட்டினாள். பெரியப்பாவுக்கு இதய ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தால் தோப்பு மூலையில் இருக்கும் கருப்பராயனுக்கு வெட்டுவதாக நேர்ந்திருந்தாள். கிடா வந்த அன்று குட்டன் தட்டை நக்கி முடித்தான்.

எனக்கு உற்சாகம் தாங்கவில்லை. மந்தை காக்கும் நாயை ஆட்டோடு எப்படிப் பழக்குவது என்று படித்து, பத்து நாள் திட்டம் போட்டேன். முதல் நாள், வேலிக்கு அந்தப்புறம் இந்தப்புறம். மூன்றாம் நாள், பக்கத்துப் பக்கத்தில் சாப்பாடு. ஆறாம் நாள், கயிற்றோடு ஒரே இடத்தில். ஒன்பதாம் நாள் கிடா அவன் முதுகில் தலை வைத்துத் தூங்கியது. படம் எடுத்து, கூடவே ஒரு வரைபடமும் போட்டுக் குழுவுக்கு அனுப்பினேன். ஆறு பேரும் கை தட்டினார்கள்.

கிடா எதற்கு வந்திருக்கிறது என்று எனக்குத் தெரியாதா என்றால், தெரியும். அழைப்பிதழ் எங்கள் வீட்டு ஃப்ரிட்ஜில் ஒட்டியிருந்தது. தினம் அதைத் திறந்துதான் பால் எடுத்தேன். கிடா விருந்து ஒரு கோப்பு, நாய்ப் பழக்கம் இன்னொரு கோப்பு. இரண்டையும் ஒன்றாகத் திறக்க வேண்டும் என்று தோன்றவே இல்லை. (இந்தப் புத்திக்குத்தான் மாதச் சம்பளம் கொடுக்கிறார்கள்.)

விருந்தன்று குட்டனைத் தேங்காய்க் கொட்டகையில் அடைத்து வைத்தோம். கிடாவுக்கு மாலை போட்டுக் கருப்பராயன் முன்னால் நிறுத்தியதும் அது ஒருமுறை கத்தியது. கொட்டகைத் தகரக் கதவு பெயர்ந்து விழும் சத்தம் கேட்டது. அவன் ஓடி வரவில்லை. எண்பது பேருக்கு நடுவே நிதானமாக நடந்து வந்து, கிடாவுக்கு முன்னால் குறுக்கே படுத்து, தொண்டைக்குள் டிரான்ஸ்ஃபார்மர் மாதிரி ஓர் உறுமல் போட்டான். சற்று நேரத்தில் ஒவ்வொரு தென்னைக்குப் பின்னாலும் ஒரு வெள்ளை வேட்டி தெரிந்தது.

"ஏனுங்க, அது தூங்குதா மொறைக்குதா?" என்று ஒரு மரம் கேட்டது.

"கிட்டப் போய்ப் பாத்துட்டு வந்து சொல்லுங்க மாப்ள" என்றது பக்கத்து மரம்.

நான் முன்னால் போனேன். கூப்பிட்டேன். அதட்டினேன். பிஸ்கட் காட்டினேன், அவித்த முட்டை காட்டினேன். வேலைக்கு வந்து மூன்றே நாள் ஆன பயிற்சியாளரைப் பழைய மேஸ்திரி பார்ப்பது போல என்னைப் பார்த்தான்.

கிடாவின் மேல் மஞ்சள் தண்ணீர் தெளிப்பார்கள். அது உடம்பை உதறித் துளுக்கினால் சாமி சம்மதித்ததாக அர்த்தம். பூசாரி பத்தடி தள்ளி நின்று சொம்போடு வீசினார். தண்ணீர் முழுக்கக் குட்டன் மேல். அவன் எழுந்து, மூக்கு நுனியிலிருந்து வால் நுனி வரைக்கும் ஓர் உதறு உதறினான். முன்வரிசைப் பட்டுச்சேலைகள் எல்லாம் மஞ்சள் புள்ளி.

"உத்தரவு வந்துருச்சுங்கோ!" என்று பின்னாலிருந்து யாரோ கத்தினார்.

"யாருக்குய்யா வந்துருக்குது?" என்றார் பூசாரி.

மூன்று முறை தெளித்தார். மூன்று முறையும் நாய்தான் துளுக்கியது. கிடா அவனுக்குப் பின்னால் நனையாமல் நின்று, தன் மாலையையே தின்றுகொண்டிருந்தது.

பெரியப்பா என் பக்கம் திரும்பினார். சத்தம் போடவில்லை. அதுதான் பயமாக இருந்தது. "மத்தியானச் சோத்துக்குள்ள இந்த நாய் என்ற தோப்புல இருக்கப்படாது கண்ணு. எங்க வேணாலும் கொண்டுபோய் உடு."

எங்கே விடுவது? விடுதி மூடியாகிவிட்டது. குழுவில் இருப்பவர்கள் எல்லாம் அடுக்குமாடிக்காரர்கள். இரண்டு இடத்திலிருந்து திருப்பி அனுப்பப்பட்ட பெரிய நாயை மூன்றாவதாக யாரும் எடுக்க மாட்டார்கள். அது என் அனுபவம். வெளியே நான் அமைதியாகத்தான் இருந்தேன். கைபேசியை எடுத்து 'அடுத்த படிகள்' என்று தலைப்பிட்டேன். '1.' என்று போட்டேன். அதற்குப் பிறகு எழுத ஒன்றும் இல்லை. அப்படி நடந்தது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை.

இதற்குள் பெரியம்மா போன் போட்டுவிட்டாள். "நீ வித்த கெடாவ நீயே வந்து புடிச்சுக் குடு."

கால் மணி நேரத்தில் மொபெட்டில் வந்து இறங்கியவர் மாரப்பன் அண்ணன். அந்தக் கிடா அவர் மந்தையிலிருந்து வந்தது என்பது எனக்கு அப்போதுதான் தெரியும்.

"சௌக்கியங்களா அம்மிணி?" என்றார். குத்திக் காட்டியிருந்தால்கூடத் தேவலை.

குட்டன் பக்கம் அவர் போகவே இல்லை. இருபதடி தள்ளி, முதுகைக் காட்டி, ஒரு தென்னந்தூரில் உட்கார்ந்தார். நாக்கை மடித்து 'ட்ர்ர்ர், பா பா' என்றார். கிடா காதைத் தூக்கியது. மாலையைத் துப்பிவிட்டு அவரை நோக்கி நடந்தது. நாய் எழுந்து, அதன் பின்னாலேயே நடந்தது. கிடா அவர் முழங்காலில் முட்டியதும், குட்டன் அவரை ஒருமுறை முகர்ந்து பார்த்துவிட்டு, தன் முழு எடையையும் அவர் தோளில் சாய்த்துக்கொண்டான்.

"நாயக் கூப்புட்டா வராதுங்க அம்மிணி. ஆட்டக் கூப்புடோணும்" என்றார்.

"இப்ப வேண்டுதலு என்னாகறது?" என்று பெரியம்மா பூசாரியைக் கேட்டாள்.

"மூணு தடவ கேட்டாச்சு, கெடா துளுக்கல. வேண்டாங்கறாருங்க. சாமி பேரச் சொல்லி மந்தையில உட்டுருங்க."

பெரியம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். மஞ்சள் தண்ணி பட்டுவிட்டது என்றாள். (அவள் நின்றது சமையல் கொட்டகை வாசலில். பத்து நாளாக அந்தக் கிடாவுக்கு வாழைப்பழத்தை உரித்து ஊட்டியவள் அவள்தான்.)

நான் மாரப்பன் அண்ணனிடம் போய், "அன்னிக்கு அந்தப் படிவத்துல நான்..." என்று இழுத்தேன்.

"அது போச்சாது உடுங்க. ஒண்ணே ஒண்ணு கேக்கோணும். இது என்ன திங்குமுங்க?"

என் முப்பத்தொரு கேள்விகளுக்கும் பதில் சொன்ன யாரும், பெரியப்பா உட்பட, என்னிடம் திருப்பி ஒரு கேள்வி கேட்டதில்லை. சொன்னேன். கவனமாகக் கேட்டுக்கொண்டார். கிடாவை மொபெட்டில் ஏற்றவில்லை. வண்டியைத் தள்ளிக்கொண்டே நடந்தார். பின்னால் கிடா, அதன் பின்னால் குட்டன். கேட்டைத் திறந்து விட்டது பெரியப்பா.

இப்போதும் எங்கள் வீட்டில் யாராவது கோழி வாங்கி வந்தால் பெரியப்பா சொல்வார்: "சுகன்யா வந்து காவலுக்கு ஆள் பழக்கறதுக்குள்ள கொழம்பு வெச்சுருங்க." பொள்ளாச்சியில் இருக்கும் தூரத்து உறவுகள்கூட இதைச் சொல்லிச் சிரிக்கிறார்களாம். சிரிக்கட்டும். அன்று அந்த மூங்கில் படல்காரர் வராமல் போயிருந்தால் நான் என்ன செய்திருப்பேன் என்று இப்போதும் பட்டியல் போட்டுப் பார்க்கிறேன், '1.' என்பதைத் தாண்டுவதில்லை. அவருக்கு நன்றி சொன்னால், "நானல்லோ சொல்லோணும்" என்று முடித்துவிடுகிறார்.

இன்றைய நிலவரம்: குட்டனின் எடை அறுபத்திரண்டு கிலோ. இந்தப் பருவத்தில் மாரப்பன் அண்ணன் ஒரு குட்டியைக்கூட நாய்களுக்குப் பறிகொடுக்கவில்லை. கிடா உயிரோடு இருக்கிறது, கொஞ்சம் கொழுப்பும் ஏறியிருக்கிறது. கிடை இந்த வாரம் கொழிஞ்சாம்பாறைப் பக்கம். சனிக்கிழமைகளில் நான் போய்ப் பார்க்கிறேன். குட்டன் எனக்காக எழுந்திருப்பதில்லை. மந்தையைப் பார்த்தபடியே வாலை ஒருமுறை ஆட்டுகிறான்.