வெள்ளைக் கொக்கு இளவரசியும் நடு நாற்காலியும்

புத்தக வெளியீட்டு விழா என்னும் மகத்தான கலையைச் சிகரத்துக்கே கொண்டுபோய் உட்கார வைத்தவர்கள் எங்கள் இலேஷா ஊர்க்காரர்கள்தான். மற்ற ஊர்களில் புத்தகம் வந்தால் உடனே படித்துவிடுகிறார்களாம். அவசரக்காரர்கள். நாங்கள் பந்தல் போடுவோம், முரசுக்காரர்களை அழைப்போம், எல்லோரும் ஒரே துணியில் உடை தைத்துக்கொள்வோம், ஆடு வெட்டுவோம். இதற்கு மேலும் ஒரு புத்தகத்துக்கு என்ன மரியாதை பாக்கி இருக்கிறது?

எங்கள் தெரு மொரெனிகேஜிக்கு இந்த மரியாதை வாய்த்தபோது அவள் ஆசிரியப் பயிற்சிக் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தாள். இளைஞர்களுக்காக ஒரு மாயாஜால நாவல் எழுதியிருந்தாள். எவடோமி என்கிற இளவரசியைப் பெரியப்பாவே அரண்மனையிலிருந்து விரட்டிவிடுகிறார். அவள் வெள்ளைக் கொக்காக உருமாறிக் காடு காடாகப் பறந்து, கடைசிப் பக்கத்தில் திரும்பி வந்து தன் சிம்மாசனத்தைக் கேட்கிறாள். யார் அந்தப் பெரியப்பா என்று தெருவில் நைசாகக் கேட்டுப் பார்த்தோம். "எல்லாம் கற்பனை" என்று சொல்லிவிட்டாள். நாங்களும் நம்பினோம். செத்துப்போன அவள் அப்பாவுக்குப் பாகம் பிரித்துக் கொடுத்த மாடியில் இன்று குடியிருப்பவர் அவளுடைய பெரியப்பா ஃபசூயி என்பதை நாங்கள் யாரும் நினைத்துக்கூடப் பார்க்கவில்லை.

மொரெனிக்கு ஆடும் வேண்டாம், முரசும் வேண்டாம். அந்தக் கடைசிப் பக்கத்தைச் சபை நடுவே தன் வாயால் வாசிக்க வேண்டும், அவ்வளவுதான். விழாக் குழுத் தலைவர் பொறுப்பைத் தாமாகவே ஏற்றுக்கொண்டிருந்த பெரியப்பா வாக்குக் கொடுத்தார்.

"நிகழ்ச்சி நிரல்லயே போட்டாச்சும்மா. முதல்ல உன் வாசிப்பு, அப்புறம் நிறைவுப் பிரார்த்தனை. சாமிக்கே முன்னாடி உன்னை வச்சிருக்கேன். இன்னும் என்ன வேணும்?"

விழா நாளன்று மேடையின் நடுவில், தங்க நிறச் சாய்வோடு ஒரு நாற்காலி. அதன் மேல் "ஆசிரியை" என்று அட்டை. மொரெனி உட்கார்ந்து தலைக்கட்டைச் சரிசெய்துகொள்வதற்குள் முரசு அதிர்ந்தது. முதன்மை வெளியீட்டாளர் ஓட்டுன்பா அரோவோலோ, பாய்மரம் போல விரிந்த அக்பாடா அங்கியோடு மேடையேறினார். நல்ல வீட்டுப் பெண் என்ன செய்வாள்? எழுந்து, முழங்காலிட்டு வணங்கினாள். வணங்கி முடித்துத் திரும்பினால் நாற்காலியில் ஓட்டுன்பா இருந்தார். அட்டை அவருக்கு அடியில் இருந்தது.

"தற்காலிக ஏற்பாடு" என்று காதில் சொன்னார் பெரியப்பா.

மொரெனி ஓரத்து நாற்காலிக்குப் போனாள். "விழாவின் தாய்" அல்ஹாஜா ரமோத்தா வந்தார். மொரெனி எழுந்தாள், முழங்காலிட்டாள். நாற்காலி போயிற்று. பக்கத்து நாற்காலியில் அல்ஹாஜாவின் கைப்பை அமர்ந்துகொண்டது. கைப்பைக்கு முழங்காலிடச் சொல்லி யாரும் அவளை வற்புறுத்தவில்லை என்பதை இங்கே நன்றியுடன் பதிவு செய்கிறோம். பின்வரிசைக்குப் போனாள். மதிப்புரையாளர் டாக்டர் அகின்செத்தே வந்தார். மறுபடி முழங்கால். இப்படியே பண்பாட்டைக் காப்பாற்றிக் காப்பாற்றி, பந்தலுக்குப் பின்னால் ஜொல்லோஃப் சோறு வெந்துகொண்டிருந்த இடத்துக்கு வந்து, காலி சோடாப் பெட்டியின் மேல் உட்கார்ந்தாள்.

அவள் அம்மா கரண்டியோடு நிமிர்ந்தாள். "ஏண்டி, மேடையில இருக்க வேண்டியவ இங்க என்ன பண்றே?"

"எல்லாருக்கும் முட்டி போட்டேம்மா."

"போடணும். போட்டா சட்டுனு எந்திரிக்கவும் தெரியணும். உங்கப்பாவும் இப்படித்தான். அண்ணனைப் பாத்தா போதும், நெடுஞ்சாண்கிடையா விழுவாரு. எந்திரிச்சுப் பாத்தா மாடியைக் காணோம்."

"என்னை வாசிக்க விடுவாங்களாம்மா?"

"கூப்பிட்டா போ. கூப்பிடலேன்னாலும் போ. அதுவரைக்கும் சும்மா உக்காராதே, இந்த மொயின்மொயின் தட்டை மேடைக்கு எடுத்துட்டுப் போ."

ஆக, ஆசிரியை மேடைக்குத் திரும்பினாள், தட்டோடு. ஓட்டுன்பா ஆவியில் வெந்த அந்தப் பயறு அடையில் ஒன்றை எடுத்துக்கொண்டு கனிவோடு சொன்னார்: "இன்னும் கொஞ்சம் காரமா செய்யச் சொல்லு பாப்பா."

டாக்டர் அகின்செத்தே மதிப்புரை வழங்கினார். ஆழமான உரை. அட்டைப்படத்தைத் தாண்டி அவர் எங்கும் அலையவில்லை. "அட்டையில வெள்ளைக் கோழி ஒண்ணு நிக்குது. கோழின்னா பொறுமை! இந்த இளவரசி பொறுமையா அடைகாக்கறா. பெரியவங்களாப் பாத்துச் சிம்மாசனத்தைக் குடுக்கறாங்க. இளைய தலைமுறைக்கு இதைவிட நல்ல பாடம் உண்டா?"

"கோழி இல்ல சார், கொக்கு" என்றாள் தட்டோடு நின்ற மொரெனி.

"சாப்பாட்டு விஷயமெல்லாம் அப்புறம் பேசிக்கலாம்மா" என்றார் டாக்டர்.

பிறகு ஓட்டுன்பா ரிப்பன் கட்டிய பிரதியைத் தலைக்கு மேல் உயர்த்திப் பிடித்து, தாம் போட்டுக் கொடுத்த ஆழ்துளைக் கிணற்றைப் பற்றி விரிவாகப் பேசினார். நூலை இதைவிடச் சிறப்பாக ஒருவர் வெளியிட முடியாது. கிணற்றில் தண்ணீர் வரும் தறுவாயில் ஜெனரேட்டர் நின்றது. மின்விசிறிகள் நின்றன. ஒலிபெருக்கியும் போயிற்று. வெக்கையில் தவித்த சபைக்கு அப்போதுதான் நூலின் பயன் புரிந்தது. நல்ல கெட்டி அட்டை. ஆளுக்கொரு பிரதியை எடுத்து விசிறினோம். அருமையான காற்று.

தொகுப்பாளர் பெரியப்பாவிடம் குனிந்தார். "மைக் போச்சு. அந்தப் பொண்ணோட வாசிப்பை வெட்டிடலாமா?"

"வெட்டிடு. நேரா பிரார்த்தனைக்குப் போ. சோறு ஆறுது."

மொரெனியின் காதில் அது விழுந்தது. மொயின்மொயின் தட்டைப் பெரியப்பாவின் மடியில் வைத்தாள். எண்ணெய் அவருடைய புது அக்பாடாவில் இறங்கியது. மேஜையிலிருந்து ஒரு பிரதியை எடுத்துக் கடைசிப் பக்கத்தைத் திறந்தாள். அம்மாவின் குரல் அவளுக்கு, வாசிக்க ஒலிபெருக்கி தேவைப்படவில்லை.

"அனைவரும் எழுந்து நில்லுங்கள்!"

மேடை முழுவதும் எழுந்தது.

"தலையைக் குனியுங்கள். கண்களை மூடிக்கொள்ளுங்கள்!"

ஓட்டுன்பா மூடினார். அல்ஹாஜா உள்ளங்கைகளை ஏந்தினார். மடியில் தட்டோடு எழ முடியாத பெரியப்பா, உட்கார்ந்தபடியே கண்ணை மூடினார்.

"'இந்தக் கிரீடத்தின் ஒளி, இதைத் திருடியவர்களின் பார்வையைப் பறித்துவிடும்' என்றாள் எவடோமி. சபை நடுங்கியது. அவள் ஒருவருக்கும் முழங்காலிடவில்லை. நேராக நடந்தாள்."

மொரெனியும் நடந்தாள்.

"'இது என் அப்பாவின் இருக்கை. பறித்தவர்கள் மண்ணாய்ப் போகட்டும்!' என்றபடி அமர்ந்தாள்."

"ஆமென்!" என்றார் ஓட்டுன்பா உரக்க. "ஆமீன்!" என்றார் அல்ஹாஜா. சபையே வழிமொழிந்தது. எல்லோரையும்விட உருக்கமாகச் சொன்னவர் பெரியப்பா.

கண்ணைத் திறந்தார்கள். ஓட்டுன்பா உட்காரப் போய், பாதி வழியில் நின்றார். நடு நாற்காலியில், புத்தகத்தை விரித்தபடி மொரெனி இருந்தாள்.

"யாரும்மா நீ?"

"மொரெனி! எந்திரி! பெரியவங்க நிக்கறது கண்ணுக்குத் தெரியல?" பெரியப்பா அலறினார்.

"இருங்க பெரியப்பா, இன்னும் ரெண்டு வரி இருக்கு."

"இந்தப் பிள்ளைக்கு இதையெல்லாம் எவன் சொல்லிக் குடுத்தான்?" என்றார் ஓட்டுன்பா.

"புத்தகத்துல இருக்குங்க, ஐயா."

"எந்தப் புத்தகத்துல?" என்று கேட்டார் அவர், ரிப்பன் அவிழ்க்காத பிரதியால் முகத்துக்கு விசிறிக்கொண்டே.

பந்தல் முழுக்க ஒரே சத்தம்தான் கேட்டது. நாங்களும் விசிறிக்கொண்டிருந்தோம்.