மூன்று மீட்டர் துல்லியம்

இனிமேல் இந்த வீட்டில் காகித மேப்புக்கு இடமில்லை! கூடத்தின் நடுவில் நின்று கத்தினேன். சும்மா கத்தவில்லை. ஹெல்மெட்டைக் கழற்றி சோபாவில் ஓங்கி அடித்துவிட்டுக் கத்தினேன். அது துள்ளி வந்து என் கால் கட்டைவிரலிலேயே விழுந்தது. கோபம் இரண்டு மடங்காயிற்று.

கோபம் வராமல் என்ன செய்யும்? என் மாமனார் தன் ஒரே மகள் பெர்னதெத்துக்கு பாகூர்ப் பக்கம் ஒரு துண்டு நிலத்தை எழுதி வைத்துவிட்டுக் கண்ணை மூடினார். கூடவே பிரெஞ்சுக்காரன் காலத்துப் பிளான் ஒன்று. மடித்து மடித்து மடிப்பெல்லாம் கிழிந்து, பிடித்தால் கையோடு வந்துவிடும் போலிருக்கும். அதை நம்பித்தான் அன்று முத்தியால்பேட்டையிலிருந்து ஸ்கூட்டரில் கிளம்பினோம். பின்னால் உட்கார்ந்து பெர்னதெத் வழி சொன்னாள்.

"லெஃப்ட்டு" என்றாள். தமிழ்நாடு வந்தது. "ரைட்டு" என்றாள். புதுச்சேரி வந்தது. எங்கள் ஊர் எல்லை அந்த லட்சணத்தில்தான் இருக்கிறது. நடுவில் நடுவில் கடலூர் மாவட்டம் மூக்கை நுழைக்கும். சாராயக்கடை தெரிந்தால் புதுச்சேரிக்குள் இருக்கிறோம் என்று அர்த்தம். ஒரே கடையை நாலு தடவை கடந்தேன். நாலாவது தடவை வாசலில் நின்ற ஒருவன், "அண்ணே, வெக்கப்படாம உள்ள வாங்க, அண்ணி ஒண்ணும் சொல்லமாட்டாங்க" என்றான். இவள் சிரிக்கிறாள்! சாராயக்கடைக்காரனிடம் முகம் காட்டிப் பழகியதுதான் மிச்சம், நிலத்தைப் பார்க்காமலே திரும்பினோம்.

எனக்கு அந்த நிலத்தை விற்றுக் கார் வாங்கவேண்டும். அவளுக்கு விற்கவே கூடாது.

"காரை வச்சிக்கிட்டு என்னா பண்ணப் போறீங்க? நம்ம தெருவுல அது நுழையவே நுழையாது."

"நுழையலன்னா மெயின் ரோட்டுல நிறுத்திக்கிறேன். உனக்கென்னா?"

"அது எங்கப்பா நிலம்."

"உங்கப்பா நிலம், உங்கப்பா நிலம்! எங்க இருக்குன்னு உனக்கே தெரியலியேடி!"

பெர்னதெத் பிளானை மடிப்புக் கிழியாமல் மடித்தாள். பிறகு மிக மெதுவாகப் பேசினாள். அவள் மெதுவாகப் பேசினால் நான் ஜாக்கிரதையாக இருக்கவேண்டும். இருபது வருஷம் குடித்தனம் நடத்தியும் இது எனக்கு மறந்துபோகிறது.

"சரி. நீங்களே ஆளைக் கூட்டிட்டுப் போயி, இதான் எங்க நிலம்னு எல்லைக்கல்லைக் காட்டுங்க. காட்டிட்டீங்கன்னா கையெழுத்துப் போட்டுடறேன். காட்ட முடியலன்னா விக்கிற பேச்சையே எடுக்கக்கூடாது. ஆயுசுக்கும்."

"மாதா மேல சத்தியமா?"

"மாதா மேல சத்தியமா. நீங்களும் சொல்லுங்க."

சொன்னேன்.

"இந்தாங்க, பிளானை எடுத்துக்கோங்க" என்று நீட்டினாள்.

"கொண்டுபோயி அடுப்புல போடு!"

மறுநாளே கையடக்க ஜி.பி.எஸ். கருவி ஒன்றுக்கு ஆர்டர் போட்டேன். மலையேறுகிறவர்கள் வைத்திருப்பார்களே, அது. போனில் இருக்கிறதே என்றாள். போன், அந்த வயல்வெளியில் டவர் கிடைக்காமல் செத்துப்போகும் என்றேன். இது சாகாது. வானத்தில் இருக்கும் சாட்டிலைட்டோடு நேராகப் பேசும். மூன்று மீட்டர் துல்லியம்! அட்டைப்பெட்டியிலேயே போட்டிருந்தது. பெர்னதெத் அதை இரண்டு தடவை வாசித்துவிட்டு, "பரவால்லியே" என்றாள்.

ஒரே ஒரு குறை. என் நிலம் எங்கே என்று அந்தச் சனியனுக்குத் தெரியாது. ஒரு தடவை நேரில் போய், அங்கே நின்று பட்டனை அமுக்கவேண்டும். அமுக்கிவிட்டால் அப்புறம் கண்ணைக் கட்டிவிட்டாலும் அது கொண்டுபோய்ச் சேர்த்துவிடும்.

"ஒரே ஒரு தடவை என்கூட வா" என்றேன்.

"நான் வந்து வழி காட்டணுமா?"

"எனக்கு யாரும் வழி காட்ட வேணாம்! நீ பாட்டுக்கு முன்னால நட. போதும்."

"சரிங்க. அன்னிக்கு ஸ்கூட்டர் காத்துல படிக்க முடியல. நடந்து போனா தெரிஞ்சிடும்."

போனோம். அவள் பிளானை விரித்துப் பார்த்தாள், மடித்தாள், குடையைப் பிடித்துக்கொண்டு வரப்பில் நடந்தாள். ஒரு வாய்க்கால் வந்தது. குறுக்கே போட்டிருந்த பனங்கட்டையில் தாண்டினாள். அந்தப் பக்கம் ஒரு புங்கமரம், அதன் கீழே எல்லைக்கல் மாதிரி ஒரு கல். கல்மேல் டிபன் பாக்ஸை வைத்துவிட்டு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். நான் பட்டனை அமுக்கினேன். கீச்சென்று கத்தியது. அடையாளத்துக்கு இருக்கட்டும் என்று கொண்டுபோயிருந்த சிவப்புப் பெயின்ட்டைக் கல்லுக்கு அடித்தேன். இவள் நிழலில் உட்கார்ந்து எலுமிச்சம்சாதம் சாப்பிட்டுக்கொண்டே பார்த்தாள்.

"நல்லா பூசுங்க. அந்த ஓரம் விட்டுப்போச்சு" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்ததும் நிலத் தரகர் புருஷோத்தமனைக் கூட்டிக்கொண்டு கிளம்பினேன். பெர்னதெத்தும் வேடிக்கை பார்க்க வந்தாள். கருவி பிரமாதப்படுத்தியது. ஒரு சந்தேகம், ஒரு தயக்கம் கிடையாது. சாராயக்கடையை ஒரே தடவைதான் கடந்தேன்! வாய்க்காலைத் தாண்டியதும் சிவப்புக் கல் கண்ணில் பட்டது. அதன் தலையில் ஓங்கித் தட்டினேன்.

"இதான் சார் எங்க நிலம்!"

தரகர் கல்லைப் பார்த்தார். வாய்க்காலைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"அமலநாதன் சார், பாண்டி நிலம்னுதானே சொன்னீங்க?"

"ஆமா."

"பாண்டி வாய்க்காலோட முடிஞ்சிபோச்சு சார். நாம நிக்கிறது தமிழ்நாடு."

எனக்கு ஜிவ்வென்று ஏறியது. சாட்டிலைட்டை விட உமக்கு அதிகம் தெரியுமா என்று கேட்க வாயைத் திறந்தேன். அதற்குள் கத்தரித் தோட்டத்திலிருந்து ஒரு அம்மா கையில் அரிவாளோடு எழுந்து வந்தார்.

"நீதானாய்யா அது! எங்கூட்டு கல்லுக்குச் செவப்பு பூசினவன்! எவனோ செய்வினை வச்சிட்டான்னு எம்மருமவ ஒரு வாரமா இந்தப் பக்கமே வரமாட்டேங்குறா!"

"அம்மா, இது எங்க…"

"அஞ்சலாட்சி நிலம்யா இது! ஊர்ல எவனையாச்சும் கேட்டுப் பாரு!"

தரகர் கேட்கவில்லை. வண்டியைத் திருப்பிக்கொண்டு போயே போய்விட்டார். அஞ்சலாட்சியம்மா ஒரு பாட்டில் மண்ணெண்ணெயும் தேங்காய் நாரும் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். அரிவாளைக் கீழே வைக்கவில்லை. உச்சி வெயிலில், அடுத்த மாநிலத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து கல்லைத் தேய்த்தேன். அந்தக் கருவி என் சட்டைப் பையிலிருந்து, இடம் வந்துவிட்டது, வந்துவிட்டது என்று கீச்சிட்டுக்கொண்டே இருந்தது. வாய்க்காலில் எறிந்திருப்பேன். கையெல்லாம் மண்ணெண்ணெய்.

தேய்த்து முடித்ததும் வெடித்தேன்.

"நீதானேடி என்னை இங்க கொண்டாந்து நிறுத்தின?"

"நான் எங்க நிறுத்தினேன்? வெயிலு தாங்கல, நிழலுக்கு நின்னேன். நீங்க பட்டனை அமுக்கினீங்க."

"பெயின்ட் அடிக்கும்போதாவது சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல?"

"யாரும் வழி காட்ட வேணாம்னீங்க. இதானா நம்ம நிலம்னு ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

கேட்கவில்லைதான். அதுதான் வயிற்றெரிச்சல்.

"சரி, நம்ம நிலம் எங்கதான் இருக்கு? இப்பவாவது சொல்லு!"

பெர்னதெத் கைப்பையிலிருந்து பிளானை எடுத்தாள். நிதானமாக விரித்தாள். வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் எங்கேயோ பார்த்துத் தலையை ஆட்டிக்கொண்டாள். மறுபடி மடித்துப் பைக்குள் வைத்து ஜிப்பை இழுத்தாள்.

"விக்கப் போறதில்லைன்னு ஆயிடுச்சு. இனிமே அது எங்க இருந்தா உங்களுக்கென்னா?"

அந்தக் கோபம் எனக்கு இன்னும் அடங்கவில்லை. எங்கள் நிலம் எங்கே இருக்கிறது என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. யாருக்குக் குத்தகைக்கு விட்டிருக்கிறாள் என்றும் தெரியாது. அறுவடை முடிந்ததும் ஒரு மினி லாரி தெருமுனையில் வந்து நிற்கும், வேர்க்கடலை மூட்டைகள் வீட்டுக்குள் வரும்.

உரிப்பது மட்டும் நான்.