மிச்சம் அறுபத்திரண்டு கிலோ

பிக்கப் வண்டி என்பது சுமை ஏற்றுவதற்கு என்று நினைத்துக்கொண்டிருப்பவர்கள் இன்றைக்கும் சிலர் இருக்கிறார்கள். என் மனைவி அவர்களில் ஒருத்தி. அவள் சிமெண்டில் பூந்தொட்டி வார்த்து விற்கிறவள். வீட்டுக்குப் பின்னால் அச்சு, சல்லடை, மணல் குவியல் என்று ஒரு சிறு தொழிற்சாலையே நடத்துகிறாள். தொட்டிகளைக் கொண்டுபோய்ப் போட ஒரு வண்டி வேண்டும் என்று இரண்டு வருடமாகக் கேட்டாள். நானும் மனமிரங்கி ஒரு புது பிக்கப் வாங்கினேன். எண்ணூற்றைம்பது கிலோ ஏற்றலாம் என்று அதன் புத்தகத்தில் போட்டிருந்தது. புத்தகத்தில் போட்டிருப்பதை அப்படியே நம்புகிற வெகுளி அவள்.

நான் கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறேன். எழுத்துப் பலகையைக் காட்டி, "கடைசி வரி தெரியுதா?" என்று கேட்பது என் உத்தியோகம். இதில் காட்டாற்றைக் கடக்க வேண்டிய அவசியம் அடிக்கடி வருவதில்லை. ஆனால் வந்தால் என்ன செய்வது? அதனால் முதலில் எஞ்சின் மூச்சு விடுவதற்கு, கூரை வரை நீளும் ஒரு குழாயை மாட்டினேன்.

"எந்த ஆத்துக்குள்ள போகப் போறோம்?" என்றாள் மனைவி.

"போறதுக்கு முன்னாடியே மாட்டிக்கணும். ஆத்துக்குள்ள நின்னுக்கிட்டா மாட்ட முடியும்?"

குழாய்க்குப் பிறகு இரும்பு பம்பர் முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று. சேற்றில் சிக்கினால் இழுக்க வின்ச். அடிவயிற்றுக்கு இரும்புத் தகடு. பெரிய டயர் நான்கு, அவற்றுக்குத் துணையாக ஸ்பேர் இரண்டு. கூரைமேல் ஒரு கூடாரம். பின்னால் தொட்டி வைக்கிற இடத்தில் இழுப்பறை அலமாரி, குளிர்பெட்டி, தண்ணீர் டாங்க், இரண்டாவது பேட்டரி. எல்லாம் ஞாயிற்றுக்கிழமைகளில், வீட்டு வாசலில், ஜாக்கி போட்டு, வீடியோ பார்த்து, என் கையாலேயே செய்தது. எண்ணெய் மாற்றுவதும் ஃபில்டர் மாற்றுவதும் நானேதான். ஒவ்வொரு முறையும் பூட்டி முடித்ததும் ஒரு போல்ட்டாவது மிஞ்சும். அவற்றை ஒரு டப்பாவில் சேர்த்து வண்டியிலேயே வைத்திருக்கிறேன்.

சட்டத்துக்கு உட்பட்ட மனிதன் நான். ஒவ்வொரு பொருளையும் வாகன அலுவலகத்தில் காட்டிப் பதிந்து முத்திரை வாங்கினேன். மொத்தம் இருபத்தொரு முத்திரை. எங்கள் தெருவில் இதே மாதிரி வண்டி வைத்திருக்கும் பல் டாக்டருக்குப் பதினாறுதான். வங்கி மேலாளருக்குப் பதினொன்று. அவர் அதைப் பற்றிப் பேசுவதில்லை.

இப்படி வண்டி பூரணமாக இருந்த வேளையில்தான் மனைவிக்கு அந்த ஆர்டர் வந்தது. புதிதாகக் கட்டியிருந்த பெரிய ஆஸ்பத்திரி திறப்பு விழாவுக்கு இருபத்திநாலு தொட்டி. ஒவ்வொன்றும் முப்பது கிலோ. இதுவரை ஒன்றும் இரண்டுமாக விற்றுக்கொண்டிருந்தவள். இது நடந்தால் அவள் பெயர் நாலு இடத்தில் தெரியும். அவள் அன்று இரவு சாப்பிடக்கூட மறந்து அச்சுக்கு எண்ணெய் தடவிக்கொண்டிருந்தாள். ஆஸ்பத்திரிக்காரர்கள் போட்டது ஒரே ஒரு நிபந்தனை. ஆர்டரில் எழுதிய சொந்த வாகனத்தில் மட்டுமே சரக்கு வர வேண்டும், அந்த வாகனத்துக்குச் சரக்குச் சான்றிதழ் இருக்க வேண்டும். வாடகை வண்டி வாசலோடு திருப்பி அனுப்பப்படும். திறப்பு விழாவுக்கு இன்னும் மூன்று வாரம் இருந்தது.

சான்றிதழ் வாங்க வாகன அலுவலகத்துக்கு இரண்டு பேருமாகப் போனோம். ஆய்வாளர் முதலில் சாவியைத் திருப்பி, முன்பலகையில் இருக்கும் எச்சரிக்கை விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"விளக்கு எரியலையே?"

"வண்டியில பழுது இல்ல சார்."

"விளக்கு எரிஞ்சா வண்டி பழுது. எரியலைன்னா விளக்கு பழுது. ரெண்டுல எதுன்னு எழுத?"

"பழுது வந்தா எரியும் சார்."

"வரட்டும். காத்திருக்கேன்."

நான் கீழே குனிந்து ஒரு ஒயரை உருவினேன். விளக்கு எரிந்தது. "நல்லா வேலை செய்யுது" என்று எழுதிக்கொண்டு, ஒயரை மாட்டச் சொன்னார். பிறகு வண்டியை எடை மேடையில் ஏற்றினார்கள்.

"அனுமதிக்கப்பட்ட மொத்த எடை ரெண்டாயிரத்துத் தொள்ளாயிரம்" என்று ஆய்வாளர் வாசித்தார். "வெறும் வண்டி ரெண்டாயிரத்து எண்ணூத்தி முப்பத்தெட்டு. மிச்சம் அறுபத்திரண்டு கிலோ."

மனைவியின் முகம் சுண்டிவிட்டது. "அப்ப ஒரு தடவைக்கு ரெண்டே ரெண்டு தொட்டியா சார்?"

"அவசரப்படாதீங்கம்மா. ஓட்டுநரும் பாரம்தான். சார், நீங்க கொஞ்சம் மேடையில ஏறுங்க."

ஏறினேன். எண்பத்திமூன்று காட்டியது. சட்டையை உள்ளே விட்டிருந்ததால்தான் அவ்வளவு என்று சொல்லிப் பார்த்தேன், எடுபடவில்லை.

"இருபத்தொரு கிலோ அதிகம். இந்த வண்டியில சரக்கையும் ஏத்த முடியாது, உங்களையும் ஏத்த முடியாது."

"கழட்டிடுறோம் சார்" என்றாள் மனைவி உடனே. "எல்லாத்தையும் இன்னிக்கே கழட்டிடுறோம்."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. நல்லவேளையாக, அலுவலகம் என் பக்கம் இருந்தது.

"அப்படியெல்லாம் இஷ்டத்துக்குக் கழட்ட முடியாதும்மா. ஒவ்வொண்ணும் முத்திரை வாங்கின பொருள். மாட்டினதைக் கழட்ட தனித்தனியா மனு போடணும். தொண்ணூறு நாள் ஆகும். உங்க வீட்டுக்காரர் உடம்பு எங்க துறைக்குள்ள வராது. அதை நீங்க எப்ப வேணா குறைச்சுக்கலாம்."

அன்று முதல் நான் பட்டினி கிடந்தேன். வெள்ளரிக்காயும் வெந்நீருமாக ஒரு வாரத்தில் நான்கு கிலோ இறக்கினேன். தெருவில் செய்தி பரவி, மற்றவர்களும் தங்கள் வண்டிகளை எடை போட்டுப் பார்த்தார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் கூடி டயர் அளவைப் பற்றிப் பேசுகிறவர்கள், இப்போது இடுப்பளவைப் பற்றிப் பேசினோம். பல் டாக்டர் தன் கூடாரத்துக்காக ஆறு கிலோ விட்டுக்கொடுத்திருந்தார். வங்கி மேலாளர் மீசையை எடுத்துவிட்டார்.

மனைவி ஒருநாள் நான் வெள்ளரிக்காய் நறுக்குவதைப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டுக் கேட்டாள்.

"ஏங்க, நீங்க அறுபத்திரண்டு கிலோ ஆயிட்டீங்கன்னே வெச்சுக்குவோம். தொட்டி எங்க ஏறும்?"

நான் அதுவரை அந்தக் கோணத்தில் யோசித்திருக்கவில்லை.

"ஒரு தொட்டி போகணும்னா நீங்க முப்பத்திரண்டு கிலோ இருக்கணும். ரெண்டு தொட்டி போகணும்னா ரெண்டே கிலோ. அதுக்கு நீங்க இல்லாமலே போயிடலாம்" என்று சொல்லிவிட்டு எழுந்து போனாள். கோபத்தில்தான் சொன்னாள். ஆனால் அதில் ஒரு சட்ட நுணுக்கம் இருப்பது எனக்கு உடனே பட்டது. மறுநாள் காலை முதல் ஆளாக ஆய்வாளர் முன் நின்றேன்.

"சார், ஓட்டுநர் வண்டிக்கு வெளியில இருந்தா?"

ஆய்வாளர் தடித்த விதிப் புத்தகத்தை எடுத்துப் புரட்டினார். "'ஓட்டுநர் என்பவர் ஓட்டுநர் இருக்கையில் அமர்ந்திருப்பவர்' னு இருக்கு. அமராதவர் ஓட்டுநர் இல்ல. ஓட்டுநர் இல்லைன்னா பாரமும் இல்ல." அவர் கண்கள் பளபளத்தன. "தள்ளிக்கிட்டுப் போங்க சார். தாராளமா ரெண்டு தொட்டி ஏத்தலாம்." அங்கேயே சான்றிதழில் முத்திரை குத்திக் கொடுத்தார். இருபத்திரண்டாவது முத்திரை.

ஆஸ்பத்திரி எங்கள் வீட்டிலிருந்து இரண்டு கிலோமீட்டர், மேடு பள்ளம் இல்லாத சாலை. இருபத்திநாலு தொட்டிக்குப் பன்னிரண்டு நடை. விழாவுக்கு ஆறு நாள் இருந்ததால் நாளுக்கு இரண்டு நடை என்று திட்டம் போட்டோம். தெருவிலிருந்து எட்டுப் பேர் வந்தார்கள். நான் ஜன்னல் வழியாகக் கையை விட்டு ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு நடந்தேன். வங்கி மேலாளர் டயருக்கு முட்டுக் கொடுக்க ஒரு கட்டையைத் தூக்கிக்கொண்டு கூடவே வந்தார். மற்றவர்கள் பின்னாலிருந்து தள்ளினார்கள். புது வண்டி இல்லையா, ஓட்டுநர் இருக்கையில் ஆள் இல்லை என்று அது வழி முழுக்கக் கீகீ என்று கத்திக்கொண்டே வந்தது.

முதல் நாள் பாதி வழியில் ஒரு சைக்கிள்காரர் பின்னால் இரண்டு மூட்டை சிமெண்டைக் கட்டிக்கொண்டு எங்களைத் தாண்டிப் போனார். போனவர் காலை ஊன்றி நின்றார்.

"வண்டி ரிப்பேருங்களா?"

"இல்ல, சட்டப்படி போறோம்" என்றேன்.

அவர் எங்களையும் இரண்டு தொட்டியையும் மாறி மாறிப் பார்த்தார். எதற்கும் இருக்கட்டும் என்று வேகமாக மிதித்துப் போய்விட்டார்.

நான்காம் நாள் பல் டாக்டருக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. இன்னும் இரண்டு பேர் வரவில்லை. வண்டி நகர மறுத்தது. அரை மணி நேரம் முக்கிய பிறகு திடீரென்று லேசாக நகர்ந்தது. திரும்பிப் பார்த்தேன். மனைவி தள்ளிக்கொண்டிருந்தாள். விடியற்காலையிலிருந்து தொட்டிக்குப் பூச்சு வேலை செய்த கை, சிமெண்ட் காய்ந்து விரலெல்லாம் வெடித்திருந்தது. அந்தக் கையை என் இரும்பு பம்பரில் வைத்து, தலையைக் குனிந்து, மூச்சு வாங்கத் தள்ளினாள். எனக்கு வெட்கமாக இருந்தது. அவளுக்காக வாங்கிய வண்டி என்று ஊரெல்லாம் சொன்னவன் நான். எல்லாவற்றையும் கழட்டி எறிந்துவிட வேண்டும், அபராதம் போட்டால் போடட்டும் என்று அந்த நிமிடம் உண்மையாகவே நினைத்தேன். அவளிடம் சொல்வதற்குள் ஆஸ்பத்திரி வாசல் வந்துவிட்டது.

விழாவுக்கு முந்தின நாள் சாயங்காலம் கடைசி இரண்டு தொட்டியும் போய்ச் சேர்ந்தன. மனைவி இருபத்திநாலையும் ஒருமுறை எண்ணிவிட்டு, அங்கேயே படிக்கட்டில் உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

விழாவில் நாங்கள் எதிர்பார்க்காத ஒன்று நடந்தது. ஆய்வாளர் மேடையேறி, வாகன அலுவலகம் தொடங்கிய நாளிலிருந்து விதிகளை ஒரு எழுத்துக்கூட மீறாமல் சரக்கு கொண்டுவந்த முதல் வாகனம் இதுதான் என்று அறிவித்தார். வண்டிக்கு 'மிகச் சிறந்த சரக்கு வாகனம்' என்ற விருது. கனத்த பித்தளைக் கேடயம். ஆய்வாளரே தன் கையால் நான்கு போல்ட் போட்டு அதை முன்பக்கம் முடுக்கினார். அதற்கும் ஒரு முத்திரை போட்டார். சுற்றிலும் எல்லோரும் செல்போனைத் தூக்கிப் படம் எடுத்தார்கள். ஆஸ்பத்திரி நிர்வாகி மகிழ்ந்துபோய், மாடிக்கும் சேர்த்து இன்னும் நாற்பது தொட்டி வேண்டும் என்று மனைவியிடம் சொன்னார்.

"சார், அந்தக் கேடயம் எத்தனை கிலோ?" என்று மனைவி ஆய்வாளரைக் கேட்டாள்.

"நாலு கிலோம்மா. அசல் பித்தளை."

"அறுபத்திரண்டுல நாலு போனா ஐம்பத்தெட்டு. ரெண்டு தொட்டி அறுபது."

"அப்ப ஒவ்வொண்ணா கொண்டு வாங்க. விருது வாங்கின வண்டி, நிதானமாத்தான் போகணும்."

மனைவி என்னைப் பார்த்தாள். "கழட்டுங்க" என்றாள். ஒரே வார்த்தைதான்.

நான் கேடயத்தைப் பார்த்தேன். அதில் என் முகம் தெரிந்தது, பட்டினியால் கொஞ்சம் களையாகவே இருந்தது. வங்கி மேலாளர் ஆய்வாளரைத் தனியாக அழைத்துப்போய், இதைவிடப் பெரிய அளவில் விருது உண்டா என்று விசாரித்துக்கொண்டிருந்தார். "மனு போட்டுக் கழட்டுறேன்" என்றேன்.

மூன்று நாள் என்னோடு அவள் பேசவே இல்லை. நான்காம் நாள் பின்பக்கம் போய்ப் பார்த்தேன். அச்சின் உள்பக்கத்தை மாற்றிக் கட்டி, புதுத் தொட்டியைத் தராசில் ஏற்றிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இருபத்தொன்பது" என்றாள், முகம் மலர. "ஒரு கிலோ குறைச்சுட்டேன். இனிமே ரெண்டு ரெண்டா போகும். இருபதே நடை."

என் மனைவியா இது என்று எனக்கே ஆச்சரியமாக இருந்தது. "எப்படி முடிஞ்சுது?"

"அடியில மெலிசாக்கிட்டேன். பார்க்க அதே மாதிரிதான் இருக்கும். மண்ணு மட்டும் போடக் கூடாது, அடி விட்டுடும்."

இதை நிர்வாகியிடம் சொல்லாமல் விடக் கூடாது என்று அவளே ஆஸ்பத்திரிக்குப் போனாள். நானும் கூடப் போனேன். வாசலில் வர்ணக் கொடிகள் அப்படியே தொங்கின. வெளியே நாற்பது ஐம்பது நோயாளிகள் சீட்டு வாங்கிக்கொண்டு வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். பல் டாக்டரும் இடுப்பைப் பிடித்துக்கொண்டு அதில் இருந்தார். நிர்வாகி நாங்கள் சொன்னதைப் பொறுமையாகக் கேட்டார்.

"மண்ணு போடக் கூடாது, செடி வைக்கக் கூடாது, அவ்வளவுதானே? அதனால என்னம்மா, பார்வைக்கு நல்லா இருந்தா போதும்" என்றார். "நாங்களும் கட்டடத்தைத்தான் திறந்திருக்கோம். டாக்டர் யாரையும் இன்னும் போடலை."