எல்லா முகூர்த்தத்துக்கும் ஒரே மாப்பிள்ளை

சாயங்காலத்துக்குள் ஹேமநாதன் ஒரு முடிவுக்கு வந்தாக வேண்டும். அம்பத்தூர் எஸ்டேட்டில் அவர் நடத்தும் குட்டி சாஃப்ட்வேர் கம்பெனியில் ஜெகதீஷும் எழிலரசியும் ஒரு வாரமாக முட்டிக்கொண்டிருந்தார்கள். டேட்டாபேஸுக்கான கட்டளைகளைக் கையால்தான் எழுத வேண்டும் என்பான் அவன். அதை எழுதித் தரவே டூல் இருக்கிறது, எழுதிவிட்டுப் போகட்டும் என்பாள் அவள்.

கோவில்பதாகை பொன்னியம்மாவின் கல்யாண மண்டபம்தான் கம்பெனியின் ஒரே பெரிய கஸ்டமர். அங்கே புக்கிங் சாஃப்ட்வேர் ஆமையாக நகர்ந்தது. இன்றைக்குச் சரியாகாவிட்டால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வதாக அந்த அம்மாள் காலையிலேயே சொல்லிவிட்டார்.

"டூல் ஊரைச் சுத்திட்டு வருது சார். நான் ஒரே வரில முடிக்கிறேன்," என்றான் ஜெகதீஷ்.

"அந்த ஒரு வரி தப்பாப் போனா?" என்றாள் எழிலரசி.

"போகாது. போனா, ஆயுசுக்கும் நீ சொல்றதைக் கேக்கறேன்."

"சார், நீங்கதான் சாட்சி."

ஆயுசு எதற்கு, இந்த ப்ராஜெக்ட் முடிகிறவரை கேட்டால் போதாதா என்று ஹேமநாதனுக்குத் தோன்றியது.

சோதனைக்கு எப்போதும் தன் பெயரைத்தான் போடுவான் ஜெகதீஷ். ஒரு புக்கிங்கில் மாப்பிள்ளை பெயரை மாற்றிக் காட்டினான். கண்மூடித் திறப்பதற்குள் மாறியது. எந்த புக்கிங் என்று மட்டும் அந்த வரியில் சொல்ல மறந்திருந்தான். மண்டபத்தின் அத்தனை கல்யாணத்துக்கும் அவனே மாப்பிள்ளையானான். சாஃப்ட்வேரும் கடமை தவறாமல் எல்லாப் பெண் வீட்டுக்கும் மெசேஜ் தட்டியது.

பொன்னியம்மா போனில் வந்தார். "இன்னா சார், யாரு இந்த ஜெகதீஷு? பொண்ணு ஊட்டுக்காரங்க அல்லாம் கேட்டுக்கினு கீறாங்க."

"இதோ எடுத்துடறேன் சார்," என்று ஜெகதீஷ் அவசரமாக இன்னொரு வரி எழுதினான். இம்முறை எல்லோருக்கும் 'மாப்பிள்ளை: இல்லை' என்று போனது.

எழிலரசியின் போன் டிங் என்றது. எடுத்துப் பார்த்தவள் முகம் சிவந்து, "எழுந்திரு," என்று அவனை நாற்காலியிலிருந்து கிளப்பினாள். காலையில் எடுத்து வைத்த நகலிலிருந்து டூல் ஒவ்வொரு பெயராகத் திருப்பிப் போட்டது. டீ ஆறிப்போனது. ஆனால் ஒரு பெயர் விட்டுப்போகவில்லை.

"இனிமே டூல்தான்," என்றார் ஹேமநாதன். அவருக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

ஆட்டோவில் பொன்னியம்மா நேராகவே வந்து இறங்கினார்.

"மன்னிச்சுடுங்கம்மா. எல்லாப் பேரும் தப்பாப் போயிடுச்சு," என்று ஹேமநாதன் கைகூப்பினார்.

பொன்னியம்மா ஜெகதீஷைப் பார்த்தார், எழிலரசியைப் பார்த்தார், வந்த கோபத்தை மறந்து சிரித்துவிட்டார்.

"அல்லாம் எங்க சார் தப்பு? ஆவணி மொத முகூர்த்தத்துக்கு இதுங்க ரெண்டும்தான ஜோடியா வந்து புக் பண்ணிச்சுங்க?"